பாடகர் மாடம்

ஜூலை 4

அன்பின் பூனைக்கு,

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். நம் பள்ளியின் தலைமையாசிரியை வீட்டில் ஒரு நாள் விருந்தாளியாகத் தங்குவேன் என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம். நீ கவனித்துக்கொண்ட மாதிரி என் மகள்கூட என்னைக் கவனித்ததில்லை.

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டாய். ‘பள்ளி எனக்குத் தந்த விசுவாசம்’ என்று தலைப்பும் நீயே கொடுத்தாய். நாலு தடவை உட்கார்ந்தேன், நாலு வரி வரவில்லை. அதைவிட அவசரமாக எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. கோபப்படாமல் படி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் குடிக்கப் போனீர்கள். நான் மட்டும் பின்தங்கி, சிற்றாலயத்தின் பாடகர் மாடத்துக்கு ஏறினேன். ஐந்து வருஷம் நின்று பாடிய இடமாயிற்றே, ஒருமுறை பார்க்க ஆசை. மூன்றாவது வரிசையில் கால் இலேசாக அமுங்கியது. கீழே இறங்கி, விளக்கு மாட்டும் ஏணியைப் போட்டு, மாடத்தைத் தாங்கும் விட்டங்களைப் பார்த்தேன். வெளியே புது வண்ணம் பளபளவென்று இருக்கிறது. சுவருக்குள் நுழையும் இடத்தில் வேலைப் பழக்கத்தில் இன்னும் கைப்பையில் வைத்திருக்கும் ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. நாலு விட்டத்தில் இரண்டு செல்லரித்துப் போயிருக்கிறது.

நூற்றாண்டு விழாவில் அறுபது பெண்கள் அங்கே நின்று பாடப் போகிறார்கள் என்றாய். வேண்டாம். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ இருந்த சந்தோஷத்தில் எனக்கு வாய் வரவில்லை.

உன்
ஒட்டகம்


ஜூலை 12

என் அன்பு ஒட்டகமே,

கட்டுரை கேட்டால் கட்டட அறிக்கை அனுப்புகிறாயே, இது நியாயமா? முதலில் சிரித்தேன். இரண்டாம் தடவை படித்தபோது கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

எனக்கு உன்னைத் தெரியாதா? லிப்டில் ஏறமாட்டாய். பாலம் வந்தால் பேருந்தில் கண்ணை மூடிக்கொள்வாய். போன வருஷம்தான் நம் தாளாளர் ஒரு பொறியாளரை அழைத்துவந்து எல்லாவற்றையும் காட்டினார். எந்தக் குறையும் இல்லை என்று அவர் எழுதியே கொடுத்திருக்கிறார். உனக்காக நேற்று தாளாளரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். “நூறு வருஷமா நிக்குது டீச்சர். நம்ம பொண்ணுங்க பாடியா விழப்போகுது?” என்றார்.

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், வீட்டில் அழ முடியாமல் அந்த மாடத்தில்தான் போய் உட்கார்ந்திருப்பேன். நின்றுபோயிருந்த ஜெபம் எனக்குத் திரும்ப வந்தது அங்கேதான். அதைப் போய்ச் செல்லரித்தது என்கிறாய். மனசு ஒப்பவில்லையடி.

பிள்ளைகள் மூன்று மாதமாகப் பயிற்சி எடுக்கிறார்கள். பேராயர் வருகிறார். பயத்தை அங்கேயே விட்டுவிட்டு நீயும் வந்து சேர்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக.

பூனை


ஜூலை 19

பூனைக்கு,

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவரிடம்கூட.

பொறியாளராக வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம், புதிதாகக் கட்டிய துணிக்கடையின் மாடிப்படியைப் பரிசோதிக்கப் போனேன். படியின் அடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். “எல்லாக் கட்டடத்துலயும் இருக்கிறதுதாம்மா, கையெழுத்துப் போடு” என்றார் மேலதிகாரி. மறுநாள் திறப்பு விழா. கடைக்காரர் குடும்பமே சிரித்த முகத்தோடு என்னைச் சுற்றி நின்றது. குனிந்து அந்த விரிசலை இன்னொரு முறை பார்த்தேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்தது போல, பயப்படாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணை மூடி ஜெபித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பதினோராம் நாள் படி இடிந்தது. ஒரு தாயும் அவள் மகளும் ஏறிக்கொண்டிருந்தார்கள். மகள் பிழைத்தாள்.

பழி ஒப்பந்தக்காரர் மேல் போயிற்று. என் பெயர் எங்கும் வரவில்லை. அதன்பிறகு என்னால் ஜெபிக்க முடிந்ததில்லை. கோயிலுக்குப் போகிறேன், எல்லாரோடும் எழுந்து நிற்கிறேன், உட்காருகிறேன். உன் மலருக்கு நான் என்ன எழுத? லிப்டில் ஏறாதவள் என்று நீ சிரிக்கலாம். இந்தப் பயம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு சிரி.

மாடத்தைப் பற்றித் தாளாளருக்கும் எழுதியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தப்புதான். மன்னித்துக்கொள்.

ஒட்டகம்


ஆகஸ்ட் 2

ஒட்டகத்துக்கு,

தனக்கு நீ எழுதிய கடிதத்தைத் தாளாளர் ஆசிரியர் கூட்டத்தில் உரக்க வாசித்தார். “உங்க ஃப்ரெண்டுக்கு வேற வேலை இல்லையா டீச்சர்?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அந்தத் தாய்க்காக அழுதேன். உனக்காகவும் அழுதேன். ஆனால் அந்தப் படி வேறு, இந்த மாடம் வேறு. பெண்கள் பாடுவார்கள். அவர்களோடு முதல் வரிசையில் நானும் நிற்பேன். இனி இதைப் பற்றி எழுதாதே.

பூனை


ஆகஸ்ட் 9

பூனை,

நீயும் ஏறினால் அறுபத்தொரு பேர். அவ்வளவுதான் மாறும்.

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தட்டில் கை வைத்தால் அந்த மரம் ஸ்க்ரூடிரைவருக்கு வழிவிட்டது ஞாபகம் வருகிறது. சத்தமே இல்லாமல் போயிற்று, அதுதான் என்னை உலுக்குகிறது. நான் விழாவுக்கு வரமாட்டேன். கீழே உட்கார்ந்து உங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஏறாதே. யாரையும் ஏற்றாதே.

ஒட்டகம்


அக்டோபர் 21

ஒட்டகத்துக்கு,

விழாவுக்குப் பிறகு நீ எழுதிய மூன்று கடிதங்களும் வந்தன. பிரித்துப் படித்தேன். பதில் எழுதத்தான் கை வரவில்லை. மேலே என் விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய்.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த வாரம் முழுக்கத் தைரியம் கேட்டு ஜெபித்தேன். விழாவன்று காலை, பெண்கள் வெள்ளை உடுத்தி மாடப்படியின் கீழே வரிசையாக நின்றார்கள். உள்ளே ஆர்கன் ஆரம்பித்துவிட்டது. முதலில் நின்ற எட்டாம் வகுப்புக்காரி, “ஏறலாமா மிஸ்?” என்றாள். முதல் படியில் கால் வைத்தேன். நான் கேட்ட தைரியம் வரவில்லை. வந்ததெல்லாம் பயம். நான் கேட்டதற்கு இதுதான் பதிலோ என்று தோன்றியது. அதற்குமேல் யோசிக்கவில்லை. படிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

“கீழயே ஜன்னலோரமா நின்னு பாடுங்கம்மா” என்றேன். பாவம், பழகாத இடம். பாட்டு நடுவில் ஒருமுறை தடுமாறியது. பேராயர் கவனிக்கவில்லை. தாளாளர் கவனித்தார்.

விழா முடிந்து அலுவலக அறைக்கு வந்தார். “இத்தனை பேர் முன்னால என்னைத் தலைகுனிய வச்சிட்டீங்க. உங்களுக்கு விசுவாசம் போயிடுச்சு டீச்சர். இனிமே நீங்க ஓய்வெடுக்கலாம்” என்றார். இல்லை என்று சொல்ல எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாடம் விழவில்லை. இன்றைக்கும் நிற்கிறது. பூட்டுப் போட்டது போட்டபடி கிடக்கிறதாம். உள்ளே பிரித்துப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை.

கோபமா என்று மூன்று கடிதத்திலும் கேட்டிருந்தாய். கோபம்தான். நீ சொன்னதற்காக அல்ல, வராமல் இருந்ததற்கு. பூட்டிவிட்டுத் திரும்பியபோது கூட்டத்தில் உன் தலை தெரிகிறதா என்று தேடினேன். உன் உயரத்துக்கு எந்தக் கூட்டத்திலும் தெரிந்துவிடும். உன் பேச்சை நம்பித்தானே பூட்டினேன்? பக்கத்தில் நீ நின்றிருக்க வேண்டும்.

இப்போது எந்தக் கோயிலில் முழங்காலிட்டாலும் என் கண் முதலில் கூரைக்குப் போகிறது. ஜெபம் பாதியில் நின்றுவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன். விட்டுவிடவில்லை.

இங்கே வாடகைக்கு ஓர் அறை எடுத்திருக்கிறேன். மேல்மாடியில் ஒரு குடும்பம். மத்தியானம் படுத்திருக்கும்போது அவர்கள் நடந்தால் என் மின்விசிறி ஆடுகிறது. கூரையில் மூலையிலிருந்து நடுவரைக்கும் ஒரு கோடு ஓடுகிறது. சுண்ணாம்பு வெடிப்புதான் என்கிறார் வீட்டின் சொந்தக்காரர். அந்தக் கோட்டையே பார்த்தபடி படுத்திருக்கிறேன்.

நீ வந்து பார். ஏணி இருக்கிறது. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

பூனை