உன் வீட்டிலிருந்து விழுந்த ஓட்டு

உன் கை ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனதும் கிராம்பு வாசம் அடித்தது. தொண்டை கட்டாமலிருக்க ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டுதானே எப்போதும் பேசுவாய்! நீ கண்ணை மூடியபின் ஒரு தேர்தலே முடிந்துவிட்டது, வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. இன்று காலை கட்சி லோரியில் ஏறும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தோழி.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் தொழிற்சங்கத்துக்காரர்கள் கூடித் தொடங்கிய கட்சி நம்முடையது. தோட்டத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம், குத்தகைத் துப்புரவாளருக்கு நிரந்தர வேலை என்று கேட்டுக் கேட்டே தோற்றோம். தோற்ற மறுநாள் காலை கிள்ளான் முழுக்க நன்றி சொல்லக் கிளம்பிவிடுவோம். ஜெயித்தவர்கள் வீட்டில் நன்றாகத் தூங்குவார்கள்.

"தோத்ததுக்கு எதுக்கு அக்கா நன்றி?" என்று லோரி ஓட்டுபவர் கேட்டார் ஒருமுறை.

"நமக்குப் போட்டவங்க மனசு நொந்து உக்காந்திருப்பாங்க லா. நாமதான் போய்ப் பாக்கணும்" என்றாய். நம் கட்சி எப்படிப்பட்டது என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

முதன்முறை ஜெயித்தபோதும் உனக்குப் பழக்கம் விடவில்லை. மேரு பாசார் வாசலில் நின்று, "இந்தத் தடவையும் தோத்துட்டோம், இருந்தாலும் ரொம்ப நன்றி!" என்று முழங்கினாயே! மீன் வாங்க வந்த கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. "ஆன்டி, நாம ஜெயிச்சிட்டோம்!" என்று நம் வேட்பாளர் உன் முழங்கையைப் பிடித்து இழுத்தார்.

கடைசி நிறுத்தம் எப்போதும் உன் வீட்டு கேட்தான். உன் வீட்டுக்காரர் அந்தக் காலத்திலிருந்தே மாற்றுக் கட்சி. அவர் ஓட்டை வாங்கியே தீருவேன் என்பது உன் ஆயுள்கால வீம்பு. "இந்த வீட்டுல ஒரு ஓட்டுதான் கெடைச்சிச்சு. கெடைக்காத ஓட்டுக்கும் நன்றி!" என்று தெருவே கேட்கக் கத்துவாய். "தே குடுக்குறேன், ஓட்டு கெடையாது" என்று அவர் சிரித்துக்கொண்டே தேநீர்த் தட்டை நீட்டுவார்.

இந்த முறையும் ஜெயித்தோம். நம் வேட்பாளர் இப்போது பெரிய மனிதராகிவிட்டார், இனி லோரியிலெல்லாம் வருவாரோ என்று எனக்குப் பயம். விடிந்ததும் முதல் ஆளாக வந்து நின்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன் வாசலில் மட்டும் ஒலிபெருக்கியை இறக்கிவிட்டேன். உன் வீட்டுக்காரர் தே தட்டோடு வந்தார்.

"என்னம்மா, கத்தலையா? அவ கத்துவாளே."

கத்தினேன். "இந்த வீட்டுல இருந்த ஒரு ஓட்டும் இப்ப இல்ல. இருந்தாலும் நன்றி அண்ணே!"

அவர் தட்டை கேட் தூண்மேல் வைத்தார். "யாரு சொன்னா இல்லன்னு? அவ ஓட்டு கொறையக் கூடாதுன்னு நான் என் ஓட்ட உங்க கட்சிக்கே போட்டுட்டேன்."

லோரியில் ஒரே கைதட்டல். ஜெயித்துவிட்டாயடி! நீ கேட்டு வாங்க முடியாத அந்த ஓட்டை, நீ இல்லாமல் வாங்கிவிட்டாய். ஒலிபெருக்கி இனி என்னிடம்தான் இருக்கும். அடுத்த முறை ஜெயித்தாலும் தோற்றாலும், ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு உன் வாசலுக்கு வருவேன்.