வெளுத்த பைப்

அன்புள்ள ரெஜினா,

நான் சுகம். உன் கால் வீக்கம் வடிந்ததா?

பங்களா ஐயா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் வருமுன் வீட்டைப் பளிச்சென்று வைக்க நினைத்தேன். அவருடைய அப்பா புகைத்த பழைய கல் பைப் பழுப்பேறிக் கிடந்தது. உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்துவிட்டேன். இங்கே மைசூரில் தேவராஜ மொஹல்லாத் தெருவில் பழைய சாமான் விற்கும் பாயிடம் பெருமையாகக் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அது அழுக்கு இல்லப்பா! இந்தக் கல்லு புதுசுல வெள்ளையாதான் இருக்கும். முப்பது வருஷம் புகை குடிச்சாதான் அந்தத் தேன் நிறம் வரும். மதிப்பே அதுக்குத்தான்."

அடுத்த வாரம் ஐயா வந்துவிடுவார். நம் மகன் ஞானஸ்நானத்தன்று உனக்குச் சத்தியம் செய்து பீடியை விட்டவன், நாலு நாளாக அந்த பைப்பை இழுத்துக்கொண்டிருக்கிறேன். இருமலுக்கு லேகியம் அனுப்பு. சத்தியம் மீறியதற்குத் திட்டியும் எழுது. இங்கே திட்டவும் ஆளில்லை.

என் உதடுதான் கறுத்தது. பைப் இன்னும் பால் போலவே இருக்கிறது.

உன்
சகாயநாதன்