நன்றியுரையில் விட்ட பெயர்

ஆகஸ்ட் 12, ஞாயிறு

மேடைப் பயம் தீரத்தான் போன மாதம் பேராதனையில், இந்த வித்தை தெரிந்த சிவா அண்ணன் வீட்டுக்குப் போய் ஹிப்னாடிசம் செய்துகொண்டேன். அந்த அரைமயக்கத்தில், சின்ன வயதில் பள்ளிக்கூட மேடையில் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போனதைச் சொல்லிவிட்டேன்.

"இது நமக்குள்ளேயே இருக்கும், தங்கச்சி" என்றார்.

இன்று கண்டியில் எங்கள் சங்கத்தின் ஆண்டு விழா. அவர்தான் தலைவர். என்னை நன்றியுரைக்குக் கூப்பிடும்போது, தன் வித்தையைப் பற்றிப் பெருமையடிக்க, அந்தக் கதையையே மைக்கில் சொன்னார். மண்டபமே சிரித்தது. என்னிடம் படிக்கிற பிள்ளைகளும் சிரித்தார்கள்.

எழுந்து போனேன். மைக் செட் போட்டவர், தேத்தண்ணி ஊற்றியவர், கதிரை அடுக்கியவர் வரைக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னேன். தலைவர் பெயரை மட்டும் விட்டேன். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

பாவி, நல்லாத்தான் குணமாக்கியிருக்கிறான்.