ஒன்றாம் வகுப்பில் என் வயது

ஏப்ரல் 17, வெள்ளி

பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் வேலை என்னுடையது. நான்தான் தலைமை ஆசிரியை, அதோடு அங்கேயே படித்தவள். பழைய சேர்க்கைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஐந்து வயது என்று இருந்தது. சாளை மீனுக்குச் செதில் உரசிக்கொண்டிருந்த அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஏளா, ஒனக்கு அப்ப நாலுதான். நாந்தான ஒன்னக் கூட்டிட்டுப் போனேன்," என்றாள்.

அந்தக் காலத்தில் வலக்கை தலைக்கு மேலே போய் இடது காதைத் தொட்டால்தான் ஒன்றாம் வகுப்பு.

"ஒனக்கு எட்டல. பிள்ளைய கொறஞ்சா பள்ளிக்கூடத்த மூடிருவாவன்னு சாரு ஒன் தலையச் சாய்ச்சுப் புடிச்சாரு. தொட்டுட்டாள்னு அஞ்சு எழுதிட்டாரு."

அந்த ஐந்தால்தான் இந்த மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. இன்னும் ஒரு வருடம் பிள்ளைகளோடு இருந்திருக்கலாம். சார் மேல் கோபப்படப் பார்த்தேன், வரவில்லை. அன்று பள்ளியை மூடியிருந்தால் நானும் அக்காவோடு மீன் கூடைதான் தூக்கியிருப்பேன். இதை மலரில் எழுதலாமா, தெரியவில்லை.

படுக்கும் முன் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பார்த்தேன். தோள்வலி, காது எட்டவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டேன்.