மூன்று நாற்காலிகளும் ஒரு முழங்காலும்

பெர்மெத்! என் மகளே! மாஸ்கோவில் உன்னோடு ஓர் அறையில் தங்கி, இம்மடலை உன் தோளுக்கு மேலாக எட்டிப் படிக்கவிருக்கும் தோழியரே! நீங்கள் அனைவரும் வயிறார உண்டு, பனியில் கால் நனையாமல் வேலைக்குச் சென்று திரும்புகிறீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் நலம். பசு நலம். உன் பெரியப்பா எர்கேஷ் தேவைக்கு மேல் நலம். நலமில்லாதது உன் தாயின் வலது முழங்கால். அதனினும் நலமில்லாதது இந்த வீட்டின் முறைமை. தான் சமைத்த சோற்றைத் தன் வீட்டில் அமர்ந்து உண்ண இடமின்றி, ஒரு பெண் அடுப்படியில் நின்றவாறே உண்கிறாள். அவள் உன் தாய். தொலைபேசியில் இதை உனக்குச் சொல்ல வாயெடுத்த போதெல்லாம் அவள் அருகில் நின்று என் விலாவில் இடித்தாள், ஆகவே எழுதுகிறேன். பக்கத்து வீட்டு லாரி ஓட்டுநர் கொண்டுவந்து தருவார். அவருக்குத் தேநீர் கொடு. அரசியல் பேசத் தொடங்கினால் வேலைக்கு நேரமாயிற்று என்று எழுந்துகொள்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஜலாலாபாத் மருத்துவர் சொன்னது உனக்குத் தெரியும்: தரையில் கால் மடித்து உட்காரவே கூடாது. அதற்கு உன் தாய், "அப்ப கூரையிலயா உக்காரணும் டாக்டரு?" என்று கேட்டதும் தெரியும். காலை நீட்டி அமரலாமே என்று நான் சொன்னேன். பெரியவர்கள் சுற்றி அமர்ந்து உண்ணும் தஸ்தர்கான் விரிப்பை நோக்கி ஒரு மருமகள் காலை நீட்டுவதா? அதைவிட அந்தக் காலை வெட்டிக் குழம்பில் போடுங்கள் என்றாள். அப்போதுதான் நீ வேலை பார்க்கும் மரச்சாமான் கடையில் விற்கும் நாற்காலியின் படத்தையும் அளவுகளையும் அனுப்பினாய். மெலிந்த கால்கள், வளைந்த முதுகு, கயிறு பின்னிய இருக்கை, ஓர் ஆணிகூட இல்லை. கண்டதும் முடிவெடுத்தேன், இதை நானே செய்வேன் என்று. கொட்டகையிலிருந்து பழைய காரை வெளியேற்றினேன்; தானாக ஓடி வெகு காலமான அந்த வண்டி இரண்டு கழுதைகள் இழுக்க மாண்போடு வெளியேறி இப்போது கோழிகளுக்குக் குடியிருப்பாக உள்ளது. புயலில் சாய்ந்த நம் வால்நட் மரத்தின் பலகைகள் பரணில் நன்றாகக் காய்ந்திருந்தன, அவற்றை இறக்கினேன், இழைத்தேன், கால்களை நுனி நோக்கிச் சிறுக்கச் செதுக்கினேன். முதுகுப் பலகையை வளைக்க நீராவி வேண்டும் என்று எழுதியிருந்தாய் அல்லவா, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் நம் சமோவாரின் வாயில் குழாயைச் செருகிப் பலகையை வேகவைத்தேன். உன் பெரியப்பா தேநீருக்கு வந்து, தமக்கு முன்பாக ஒரு மரக்கட்டைக்கு விருந்தோம்பல் நடப்பதைக் கண்டு, கட்டைக்குப் பொரித்த போர்சோக் ரொட்டி வைக்கவில்லையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதை மறைக்க மாட்டேன், ஏனெனில் உன் தாய் எப்படியும் சொல்லிவிடுவாள். கழுந்துகள் துளைகளில் கச்சிதமாக இறங்கின, பசை காய்ந்தது, கம்பளிக் கயிற்றால் இருக்கையைப் பின்னினேன், நாற்காலியை வீட்டினுள் தூக்கிச் சென்று அவள் இடத்தில் வைத்தேன். அவள் இடம் என்றால் எது? கம்பளி விரிப்பு, அதன் மேல் பஞ்சு மெத்தை, அதன் மேல் விருந்தினர் மெத்தை. நம்மில் எவர்தாம் வெறும் பலகையில் ஒருவரை அமர வைப்பார்? அவள் அமர்ந்தாள், நாற்காலி பிறந்த குதிரைக்குட்டியைப் போல் ஆடியது. ஒரு கால் நீளம் என்று கருதி அறுத்தேன். மறுபக்கம் ஆடியது, அதையும் அறுத்தேன். பின்கால்களை அறுத்தேன், பிறகு முன்கால்களை, மீண்டும் பின்கால்களை. ஒவ்வொரு முறையும் மற்றக் கால்களைச் சமன் செய்த பின் கொட்டகைத் தரையில் அசையாமல் நின்ற அந்த நாற்காலி, வீட்டிற்குள் வந்ததும் ஆடியது. என் கைத்திறனையும் நீ தந்த அளவையும் மாஸ்கோ மாநகரையும் ஒருங்கே ஏசினேன். இறுதியில் உன் தாய் என் கையிலிருந்து ரம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு சொன்னாள்: "நாற்காலி ஆடல. மெத்தைதான் ஆடுது. இன்னும் ரெண்டு தடவ அறுத்தீங்கன்னா அது நாற்காலி இல்ல, சப்பாத்திப் பலகை." மெத்தைகளை உருவி எடுத்துப் பார்த்தேன். மலை போல் நின்றது. ஆனால் அதற்குள் அது ஒரு பூனைக்குத்தான் பொருந்தும் உயரத்தில் இருந்தது. அவள் முழங்கால் அவ்வளவு தாழ மடங்காது.

ஆகவே இரண்டாவது நாற்காலியைச் செய்தேன், இம்முறை மெத்தைகளை ஒதுக்கி வெறும் பலகைத் தரையில் வைத்தே அளந்தேன். அது அழகு, மகளே. தற்பெருமை என்று எண்ணாதே. அண்டை வீட்டார் வந்து தடவிப் பார்த்துவிட்டு, கடையில் வாங்கியதை நீ செய்ததாகச் சொல்கிறாய் என்றார்கள், அதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை. உன் தாய் அதில் அமர்ந்து, காலை மெல்லத் தொங்கவிட்டாள். பின்பு, வலி இல்லை என்றாள். அன்று மாலை உன் பெரியப்பா வழக்கம்போல் உணவுக்கு வந்தார். பெரியம்மா இறந்த பிறகு அவர் அடுப்பு மூட்டுவதில்லை என்பதை நீ அறிவாய். வந்தார், வாயிலுக்கு எதிரே தலைமையிடத்தில் மெத்தை மேல் அமர்ந்தார், நிமிர்ந்து பார்த்தார். அவர் தொப்பியின் உச்சியும் உன் தாயின் இடுப்பும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் விடை சொல்லியிருப்பேன். உன் தாய் சூடுபட்டவள் போல் எழுந்து, தேநீர்க் குடுவையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனவள்தான், இன்றுவரை அவர் இருக்கும்போது அமரவில்லை.

நான் வாளாவிருந்தேன் என்று நினைக்கிறாயா? எழுந்து நின்றேன். ஊர்க் கூட்டங்களில் முழங்கிய அதே குரலில் முழங்கினேன். மூத்தோரை மதிப்பது மனத்தாலா, மெத்தையின் உயரத்தாலா என்று கேட்டேன். புண்பட்ட ஒரு காலை நிற்க வைத்துவிட்டு உண்ணும் இறைச்சி எப்படிச் செரிக்கும் என்று கேட்டேன். உச்சக்கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தேன். உன் பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? இரு கைகளையும் ஏந்தி, உணவை முடித்துவைக்கும் வேண்டுதலாக, "ஓமின்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார். உணவு முடிந்தது. மூத்தவர் முகம் தடவிய பின் எவர் பேசுவார், எவர் அமர்ந்திருப்பார்? என் வாழ்நாளின் சிறந்த உரை, பாதித் தட்டுச் சோற்றோடு எடுத்து வைக்கப்பட்டது. போகும்போது என் தோளைத் தட்டி, "தொண்டை நல்லா இருக்குடா தம்பி, ஆட்டு மந்தைக்கு ஆகும்" என்றார்.

ஆனால் சென்ற வாரம் நடந்ததைக் கேள். பசை எடுக்கக் கொட்டகைக்குள் போனேன். அறுத்துக் கெடுத்த அந்தக் குள்ள நாற்காலியில் உன் பெரியப்பா அமர்ந்திருந்தார், கண்களை மூடி, இரு கைகளாலும் பக்கச் சட்டங்களைத் தடவியபடி. என்னைக் கண்டதும் எழ முயன்றார். அவருடைய முழங்கால்கள் இரண்டும் காய்ந்த விறகு முறிவது போல் ஒலித்தன. பூனை இங்கே இருக்கிறதா என்று பார்க்க வந்தாராம். நான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். நாங்கள் இருவரும் பூனையைச் சற்று நேரம் தேடினோம்.

அன்றே மூன்றாவது நாற்காலியைத் தொடங்கினேன், முடித்தும்விட்டேன். உன் தாயிடம் கேட்டபோது, "அவரு உக்காந்தா நானும் உக்காருவேன், அவரவிட ஒரு விரல் தாழ இருந்தாப் போதும்" என்றாள். அதன்படி அவருடையதை ஒரு விரல் உயர்த்தியே செய்திருக்கிறேன். தஸ்தர்கானை விரிக்கும் நம் தாழ்ந்த மேசைக்கும் கால் பொருத்தி உயர்த்திவிட்டேன். இப்போது எல்லாம் இருக்கிறது, கேட்பதற்கு வாய்தான் இல்லை. நான் இளையவன், நான் கேட்டால் அவருக்கு அது கட்டளை, மறுப்பார். உன் தாய் இந்த வீட்டு மருமகள், அவருக்குத் தம்பி மனைவி. உண்ணுங்கள் என்பதற்கு மேல் அவரிடம் ஒரு சொல் பேச மாட்டாள். உன்னை முன்னால் வைத்துக் குதிரை ஓட்டிய அந்தக் கிழவர் உன்னிடம் இல்லை என்று சொன்னதே கிடையாது, கம்பீரமான தம் மீசையை நீ கத்தரித்தபோதுகூட.

மகளே, நீ நெடுநாள் வாழ்க, உன் கைவேலை சிறக்க, உன் பாதை தடையின்றி வெண்மையாக இருக்க. கழுத்துத் துணியின்றி வெளியே போகாதே. கடையில் வீணாகும் உப்புத்தாள் துண்டுகள் இருந்தால் ஓட்டுநரிடமே கொடுத்தனுப்பு. இவை பின்பு. இப்போது மடலைக் கீழே வை. நாங்கள் மாலை உணவுக்கு விரிப்பை விரிக்கும் வேளை பார்த்து அழை. என்னை அழைக்காதே, உன் தாயை அழைக்காதே, அவரை அழை. நலம் கேட்டு நேரத்தை ஓட்டாதே, அவர் கைகளை ஏந்துவதற்கு முன் சொல்லிவிடு: "பெரியப்பா, ஏறி உக்காருங்க. எங்கம்மாவுக்குப் பசிக்குது."

உன் தந்தை,
தொக்தோசுன்