பார்க்காதவர் தேர்ந்தெடுத்த பதினொருவர்

காபி மெஷினைச் சுத்தம் செய்ய நம் மகள் அதில் வினிகரை ஊற்றிக் கொதிக்க விட்டிருந்தாள். மாடியிலிருந்து இறங்கி வந்த நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். உங்கள் காலத்துக்குப் பிறகு நான் வந்து சேர்ந்த மகளின் பிளசன்டன் வீடு இது; இங்கே நீங்கள் வந்ததே இல்லை. ஆனாலும் அந்த நெடி உங்களுடையது. ஹூஸ்டனில் நூலகத்திலிருந்து மாலையில் திரும்பும்போது உங்கள் சட்டையில் அடித்த நெடி. பழைய செய்தித்தாள்களைப் படம்பிடித்து வைத்த பிலிம் சுருள்கள் கெடத் தொடங்கினால் வினிகர் வாசம் வரும் என்று நீங்கள் விளக்கும்வரை, மதியத்துக்குக் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை எங்கே கொட்டிக்கொண்டீர்கள் என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, நீங்கள் வேலை பார்த்த ஆலைக்கு ரயில்பாதை எப்போது வந்தது என்று தேடப் போனீர்கள். போனவர் விளையாட்டுப் பக்கத்தில் இறங்கிவிட்டீர்கள். அதுவும் ஃபுட்பால், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு இந்த நாட்டுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர். டிவியில் ஓர் ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்க்காத மனிதர், முதல் உலகப்போருக்கு முன்னால் கல்லூரிப் பையன்கள் ஆடியதைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் பேச ஆரம்பித்தீர்கள்.

நவம்பர் கடைசியில் தாங்ஸ்கிவிங் பண்டிகை ஆட்டம் முடிந்ததும், ஏதாவது ஒரு செய்தித்தாளின் விளையாட்டு ஆசிரியர் அந்த வட்டாரத்துக் கல்லூரிகளிலிருந்து சிறந்த பதினொருவரைப் பொறுக்கி அச்சிடுவாராம். அதற்குக் கீழே இரண்டாவது பதினொருவர்.

"முதல் பந்தி, ரெண்டாம் பந்தி மாதிரி," என்றேன்.

"கரெக்ட். ஆனா பந்திக்குக் கூப்பிடறவன் பாதி ஊருக்குப் போனதே இல்ல."

டெக்சஸ் எவ்வளவு பெரிது என்பது நமக்குத் தெரியும். அந்த ஆசிரியர் தன் ஊர் ஆட்டங்களையும், ரயிலில் போய் அன்றே திரும்பக்கூடிய ஊர்களின் ஆட்டங்களையும் பார்த்தார். மேற்கே தொலைவில் இருந்த கல்லூரிகளை எட்டியும் பார்க்கவில்லை. தலைப்பில் மட்டும் வட்டாரம் முழுவதும் வந்துவிடும். அதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் ரசத்தை ஆறவிடுவீர்கள்.

நூலகத்தில் உங்களைத் தினமும் பார்த்த ஒருவர் சொல்லி, ஒரு கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. பழைய விளையாட்டுகளுக்கு ஒரு காட்சிக்கூடம் திறக்கிறார்கள். அந்தக் காலத்துப் பட்டியல்களையெல்லாம் படித்தவர் என்ற முறையில் வட்டாரத்தின் சிறந்த பதினொருவரை நீங்கள் தேர்ந்தெடுத்துத் தரவேண்டும். கீழே தேர்ந்தெடுத்தவர் என்று உங்கள் பெயர் இருக்கும். இத்தனை வருடத்தில் இந்த நாடு உங்களிடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. இஸ்திரி போட்ட சட்டையில் நூலகத்துக்குப் போகத் தொடங்கினீர்கள்.

நான்தான் டைப் அடித்தேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அடித்தல் திருத்தல் உள்ள காகிதம் என் கையிலிருந்து வெளியே போகாது.

"பன்னெண்டு பேர் இருக்காங்க," என்றேன்.

"தெரியும்."

"பதினொண்ணுதான் கேட்டிருக்காங்க."

"ஃபுல்பேக் இடத்துக்கு ரெண்டு பேர். ஒருத்தனை எடுத்தா இன்னொருத்தனுக்குக் கஷ்டமா இருக்கும்."

"ரெண்டு பேரும் செத்தாச்சுங்க."

"பேரப்பசங்க இருப்பாங்க இல்ல?"

கல்யாணப் பத்திரிகை அடிப்பதுபோல் செய்துவிட்டீர்கள். மகள் கல்யாணத்தின்போது எந்தச் சித்தப்பா பெயரும் விட்டுப்போகக் கூடாது என்று பத்திரிகைக்குக் கூடுதலாக ஒரு மடிப்பு வைத்தவர் நீங்கள். ஃபுட்பாலில் மடிப்பு வைக்க இடமில்லை. அந்தக் காலத்தில் தாக்குவதும் தடுப்பதும் அதே பதினொருவர்தான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நீங்கள்தான். இருந்தும் அப்படியே அனுப்பச் சொன்னீர்கள்.

கல்லூரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மரியாதையான பெண். அணி என்றால் பதினொருவர்தானே சார், கடைசிப் பெயரை நீக்கிவிடுகிறோம் என்றாள். முதல் ஃபுல்பேக் அந்தக் கல்லூரிக்காரன், எல்லாப் பட்டியலிலும் இருப்பவன். கடைசிப் பெயர் மேற்கே ஒரு சின்னக் கல்லூரிப் பையனுடையது. எந்தப் பட்டியலிலும் அவன் இல்லை. அவன் ஊர்ச் செய்தித்தாளில், தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு எதிரணிக் கோச் தேடி வந்து அவனுக்குக் கைகொடுத்ததாக நீங்கள் படித்திருந்தீர்கள். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள்.

"நீங்க மட்டும் அவன் ஆடினதைப் பார்த்தீங்களா?" என்றேன். "அந்த ஊர் பேப்பர்காரன் அந்த ஊர்ப் பையனைப் புகழாம வேற யாரைப் புகழுவான்?"

"நியாயம்," என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையை எடுத்தீர்கள். பதினொருவருக்குச் சம்மதித்தீர்கள். ஆனால் உங்கள் பெயருக்குக் கீழே நீங்கள் சொல்லும் வரியையும் போடவேண்டும், முடியாதென்றால் உங்கள் பெயரும் வேண்டாம் என்றீர்கள். நானோ உங்கள் பெயர் சுவரில் வரப்போகிறது என்று நம் ஊர்க்காரர்கள் கூடும் ஹில்கிராஃப்ட் கடைத்தெருவில் பாதிப்பேரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

அன்று சாப்பிடும்போது எனக்கு வேறொன்று நினைவு வந்தது. உங்கள் கம்பெனியில் மேல்பதவிக்குப் பெயர்களை எடுத்தவர் வேறு மாநிலத்தில் உட்கார்ந்திருந்தார். உங்கள் ஆலைக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை; உங்கள் பெயரை எடுக்கவும் இல்லை. அதைப் பற்றி யாரிடமும் நீங்கள் முறையிட்டதில்லை. நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.

கல்லூரியில் யோசித்து ஒப்புக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் வாக்கியத்தை அமைத்தது நான், பொருள் உங்களுடையது. 'இவர்களில் எவர் ஆடியதையும் தேர்ந்தெடுத்தவர் பார்த்ததில்லை. தொலைவில் ஆடிய பலரை அந்நாளில் தேர்ந்தெடுத்தவர்களும் பார்த்ததில்லை.' திறப்பு நாளில் அதைப் படித்துச் சிலர் சிரித்தார்கள். சிலர் மேலே இருந்த பெயர்களை மறுபடியும் படித்தார்கள்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில், "அந்தப் பையன் இன்னும் வெளியிலதான் நிக்கறான்," என்றீர்கள்.

"வெளியில ஆள் நிக்குதுன்னாவது எழுதி வெச்சீங்களே. ரோட்டைப் பாருங்க, எக்ஸிட் வருது."

போன வாரம் மகளின் சிநேகிதி ஒரு பெண்ணின் போட்டோவோடு வந்தாள். தன் தம்பிக்குப் பார்த்திருக்கும் இடம், பெண் வீடு சான் ஹோசேயில். நியூஜெர்சியில் இருக்கும் அவர்களின் அத்தை போட்டோவைப் பார்த்துவிட்டு, முகத்தில் அடக்கம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். தம்பி கலங்கிப் போயிருக்கிறான்.

"ஆன்ட்டி, நீங்க போட்டோ பார்த்தே கரெக்டா சொல்லிடுவீங்களாமே. ஃபைனலா நீங்க சொல்றதுதான்."

உண்மைதான். ஹூஸ்டனில் எனக்கு அந்தப் பெயர் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒரு பெண்ணின் காரியம் என் ஒரு வார்த்தையில் நின்றது. கண்ணாடியைப் போட்டேன், போட்டோவை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

"உங்க அத்தை இந்தப் பொண்ணை நேர்ல பார்த்தாங்களா?"

"இல்ல ஆன்ட்டி."

"நீ?"

"நான் கால் பண்ணணும்னு நெனச்சேன், டைமே கிடைக்கல."

"அப்ப நானும் பார்க்கல. பார்க்காதவங்க மூணு பேர் சேர்ந்து என்னத்தம்மா சொல்றது?"

மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?"

சனிக்கிழமை என்னை சான் ஹோசேக்கு அழைத்துப் போகும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். விசேஷமாக ஒன்றும் செய்யவேண்டாம், காபி போதும் என்று அந்தப் பெண் வீட்டுக்கும் சொல்லியாயிற்று. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வேன். அந்தக் குணத்தை உங்களாலேயே மாற்ற முடியவில்லை. ஆனால் அவள் எதிரில் உட்கார்ந்து, அவள் பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டுச் சொல்வேன்.