பாடம் இல்லாத ஒரு வருஷம்

அன்புள்ள அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்க முட்டி வலி இப்போ தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுறாரா? நான் நல்லா இருக்கேன்.

போன வாரம் ஒரு வேடிக்கை. வகுப்புல ஆறுகளைப் பத்தி நடத்திட்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கனடா பனி சத்தமில்லாம விழுந்துட்டிருந்துச்சு. அதைப் பார்த்தபடியே, நம்ம ஆம்பூர்ப் பக்கம் பாலாறு மணலுக்கு அடியில எப்படி ஓடுதுன்னு சொல்லிட்டே போனேன். ஒரு பொண்ணு மெதுவா, "புரொபசர், இது என்ன மொழி?"ன்னு கேட்டா. அதுவரைக்கும் தமிழ்லயே பேசியிருக்கேன்! எல்லாரும் சிரிச்சோம்.

இது துறைத்தலைவர் காதுக்குப் போச்சு. "உங்களுக்கு நிரந்தர வேலை. ஆறு வருஷம் பாடம் எடுத்தவங்களுக்கு ஆராய்ச்சி விடுப்பு உண்டு. நீங்க ஏன் கேட்கவே இல்லை?"ன்னார். அரை வருஷம்னா முழுச் சம்பளம், முழு வருஷம்னா சம்பளம் குறையும். பாலாற்றை ஆராயணும்னு முழு வருஷமே கேட்டேன். கிடைச்சிடுச்சு.

சீக்கிரமே ஊருக்கு வந்துடுவேன், மாடி ரூமைக் காலி பண்ணி வைங்க. தம்பி தன்சீல்கிட்ட ஜன்னல் கொக்கியை மாத்தச் சொல்லுங்க.

ஒண்ணு மட்டும், அம்மா. விடுப்பு முடிஞ்சதும் திரும்பி வந்து இங்கே வேலை பார்த்தே ஆகணும், அதுதான் விதி. மக ஒரேயடியா வந்துட்டான்னு அப்பா தெருவெல்லாம் சொல்வார். அவர்கிட்ட இதை இப்போ சொல்லாதீங்க. கொஞ்ச நாள் அப்படியே நினைச்சுக்கட்டும். நானும் அப்படித்தான் நினைச்சுட்டிருக்கேன்.

வகுப்புக்கு மணி ஆச்சு, ஓடுறேன்.

உங்க மக,
அம்பரீன்